அத்தையும் 62-ல் ஒண்ணும்

ரொம்ப நாளா ட்ராஃப்ட்ல தூங்கிட்டு இருந்த பதிவு இது. கொசுவத்தி கொஞ்சம் பெருசாவே எடுத்து வச்சுக்குங்க மக்களே, 2004 வரைக்கும் சுத்தணும் :-)

2004 டிசம்பர் 25, சனிக்கிழமை. கிழக்குத் தாம்பரத்துல ஒரு பிரவுசிங் சென்டர், மணிக்கு இருபது ரூபா. மெயில் பார்க்கிறேன்னு வீட்டுல சொல்லிட்டுப் போய், வழக்கம்போல நாசா பக்கங்களில் மேய்ந்துகொண்டிருந்தேன். (படிச்சது பி.காம். வானத்துக்கும் எனக்கும் மொட்டை மாடி வழியா மட்டும்தான் பழக்கம்.) அன்றைக்கு அங்கே ஒரு அறிவிப்பு. 2004 எம்என்4 என்று ஒரு குறுங்கோள், 2029 ஏப்ரல் 13 வெள்ளிக்கிழமை பூமியில் மோத 62-ல் ஒரு வாய்ப்பு இருக்கிறதாம். டொரினோ அளவுகோலில் 4. பத்து வரைக்கும் போகிற அந்த அளவுகோலில் அதுவரைக்கும் எந்தக் கல்லும் 4-ஐத் தொட்டதில்லை.

எனக்குத் தலைகால் புரியல. வீட்டுக்கு வந்ததும் பாலவாக்கத்துல இருந்த அத்தைக்குப் போன். எங்க வீட்டுல நான் உளறுறதைக் கடைசி வரைக்கும் கேட்கிற ஒரே ஆள் அவங்கதான். தேதி, கிழமை, எவ்வளவு பெரிய கல்லு, எல்லாத்தையும் மூச்சு விடாம சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "அதுக்குள்ள இவளுக்குக் கல்யாணம் ஆயிடுமில்ல?" என்றார்கள். 'இவள்' அப்போ பத்தாவது படிச்சிட்டு இருந்தா.

மறுநாள் காலையில் என்ன நடந்ததுன்னு உங்களுக்கே தெரியும்.

மாமா அன்னிக்கு மீன் வாங்கக் கடற்கரைக்குப் போயிருந்தார். முதல்ல தண்ணி உள்வாங்கினப்போ எல்லாரும் நின்னு வேடிக்கை பார்த்திருக்காங்க, இவரும்தான். அப்புறம் ஓடி, ஒரு காம்பவுண்டு சுவர் மேல ஏறித் தப்பிச்சார். கால்ல பெரிய வெட்டு, செருப்பும் பையும் போச்சு. வீட்டுக்குள்ள முழங்கால் அளவு தண்ணி. அத்தைக்கு வருஷக்கணக்கா மீன் கொடுத்துட்டு இருந்த அம்மா அதுக்கப்புறம் வரவே இல்ல. யாரைக் கேட்டும் சரியா பதில் கிடைக்கல. மாமா, அத்தை, பொண்ணு மூணு பேரும் ரெண்டு பையோட மேடவாக்கம் வழியா எங்க வீட்டுக்கு வந்து சேர்ந்தப்போ சாயங்காலம் ஆயிடுச்சு. கல்லு எனக்கு ஞாபகத்துலயே இல்ல.

29-ம் தேதி துபாயில இருக்கிற பெரியப்பா பையனுக்கு 'எல்லாரும் சௌக்கியம்'னு மெயில் போட மறுபடி அதே சென்டர். போன கையோட நாசா பக்கத்தையும் திறந்தேன். 27-ம் தேதி அந்த வாய்ப்பு 37-ல் ஒண்ணு வரைக்கும் ஏறியிருக்கு. அதாவது 2.7 சதவீதம். அதே நாள் பூஜ்யத்துக்கும் வந்திருக்கு! உலகமே கடலைப் பார்த்து அழுதுகொண்டிருந்த அந்த ரெண்டு நாளில், தலைக்கு மேல இன்னொரு கதை ஏறி இறங்கி முடிஞ்சே போச்சு. ஒரு பேப்பர்லயும் உருப்படியா வந்த மாதிரி எனக்கு ஞாபகம் இல்லை.

30-ம் தேதி இன்னொரு கூத்து. மறுபடி சுனாமி வரும்னு மத்திய உள்துறையே எச்சரிக்கை விட்டுட்டாங்க. டிவியில் ஓட ஆரம்பித்ததும் கடலோரம் முழுக்க ஜனங்க கிடைச்ச வண்டியில் ஏறி ஓடினாங்க. அன்னிக்கு எந்த அலையும் வரல. தாம்பரத்துலருந்து கடல் பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர். இருந்தும் மாமா கட்டுப் போட்ட காலோட மொட்டை மாடிக்கு ஏறிட்டார். யாராலயும் அவரைக் கீழே இறக்க முடியல. ராத்திரி நாங்க எல்லாரும் மாடியிலயே பாய் போட்டோம்.

அவங்க மனசை மாத்தலாம்னு நினைச்சு, "அத்தை, அந்தக் கல்லு விழாதாம்"னு ஆரம்பிச்சேன். என் நேரம்.

"ஏண்டா, இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு வர்ற கல்லுக்கு இன்ன தேதி, இன்ன கிழமைன்னு சொல்றாங்க. காலைல ஆறரைக்கு ஆடின பூமிக்கு, ஒன்பது மணிக்குத் தண்ணி வரும்னு சொல்ல ஒருத்தன் இல்லையா?"

எனக்குப் பதில் தெரியல. தெரிஞ்சிருந்தாலும் அன்னிக்குச் சொல்லியிருக்க முடியாது.

பேச்சை மாத்தி, 62 எப்படி 37 ஆகி அப்புறம் பூஜ்யம் ஆச்சுன்னு விளக்கினேன். அந்தக் கல்லை 2004 ஜூன் 19 அன்று அரிசோனாவில் கிட் பீக் மலையில் இருந்து பார்த்தாங்க. ரெண்டே ராத்திரி. அப்புறம் தொலைச்சுட்டாங்க. டிசம்பர் 18-ல் ஆஸ்திரேலியாவில் இருந்து மறுபடி சிக்கியது. கொஞ்சம் புள்ளியை வச்சுக்கிட்டு இருபத்தஞ்சு வருஷத்துக்கு கோடு இழுத்தால், கோடு கோடாக இருக்காது, பட்டையாக இருக்கும். தெருவுல பசங்க அடிக்கிற பந்து மாதிரி. அடிச்ச சத்தம் மட்டும் கேட்டா பத்து வீட்டுல ஏதோ ஒரு ஜன்னல். எட்டிப் பார்த்தா நாலு வீடுதான், அதுல நம்ம வீடும் ஒண்ணு. அப்போ நமக்கு ஆபத்து கூடினது மாதிரிதானே தெரியும்? இன்னும் கொஞ்சம் பார்த்தா பந்து ரெண்டு வீடு தள்ளிப் போகுது. பந்து முதல்லேருந்தே அங்கதான் போய்க்கிட்டு இருந்துச்சு, நாமதான் சரியா பார்க்கல. இங்கேயும் அதே கதை. அந்த வருஷம் மார்ச் மாசம் எடுத்த பழைய படங்களில் இந்தக் கல்லு மங்கலா விழுந்திருந்ததைத் தேடிக் கண்டுபிடிச்சாங்க. பட்டை சுருங்கிடுச்சு, பூமி வெளியே வந்துடுச்சு.

அத்தை கேட்டுக்கிட்டே தூங்கிட்டாங்கன்னு நினைச்சேன்.

அந்தக் கல்லுக்கு அப்புறம் அபோஃபிஸ்னு பேர் வச்சாங்க. சுமார் 340 மீட்டர். சூரியனை ஒரு சுற்று சுற்ற 324 நாள், நம்மளை விடக் கொஞ்சம் அவசரக்காரன். உள்பக்கம் சுக்கிரன் பாதைக்குக் கிட்ட வரைக்கும் போய், வெளிப்பக்கம் நம்ம பாதையை வெட்டிட்டுப் போகும். 2036, 2068-ன்னு அப்புறமும் பயம் காட்டினாங்க. 2013-லும் 2021-லும் கலிபோர்னியாவில் இருக்கிற கோல்ட்ஸ்டோன் ராடார் வச்சுப் பார்த்து, குறைஞ்சது நூறு வருஷத்துக்கு மோதலே இல்லைன்னு அடிச்சுச் சொல்லிட்டாங்க. இருந்தும் 'அபாயம் விளைவிக்கக்கூடிய' பட்டியலில் இன்னமும் அது பேர் இருக்கு. நம்ம பாதைக்கு 75 லட்சம் கிலோமீட்டருக்குள்ள வந்து, 140 மீட்டருக்கு மேல இருந்தா அந்தப் பட்டம் உண்டு. அவ்வளவுதான், ஃபார்வர்டு மெசேஜ்காரர்கள் கவனிக்கவும்.

அத்தை கேள்விக்கான பதிலைத் தேட எனக்கு இன்னும் கொஞ்ச காலம் பிடிச்சது. பூமி எப்போ ஆடும்னு யாராலும் சொல்ல முடியாது, அது வேற. ஆனா ஆடின பிறகு அலை எப்போ எங்கே வரும்ங்கிறது கணக்குதான். கல்லோட கணக்கை விடச் சின்னக் கணக்கு. பசிபிக் கடலுக்கு 1949-லிருந்தே ஹவாயில் எச்சரிக்கை மையம் இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு அப்படி ஒண்ணை யாரும் வைக்கல. நமக்குன்னு ஹைதராபாத்தில் மையம் திறந்தது 2007 அக்டோபரில். ரெண்டரை மணி நேரம் கையில் இருந்தது, அத்தை கேட்டது நூத்துக்கு நூறு சரி. வானத்தைப் பார்க்க ஆள் போட்டவங்க கடலைப் பார்க்க ஆள் போடல.

இத்தனைக்கும் கல்லு தேடுறதுல நம்ம ஊர் சளைச்சது இல்லை. நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தில் இருந்துதான் 1861 ஏப்ரல் 17-ல் போக்சன் துரை ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்து 'ஆசியா'ன்னு பேர் வைத்தார். அதுக்கப்புறம் 1988-ல் காவலூரில் ராஜமோகன் குழு ஒண்ணைப் பிடிச்சு 'ராமானுஜன்' ஆக்கினாங்க. தேடல் திட்டத்துக்குப் பேரே 'கல்கி'. இது ரெண்டும் செவ்வாய்க்கு அந்தப் பக்கம் சமர்த்தா சுத்துற கல்லுங்க, நம்ம வழிக்கு வராது.

அத்தை குடும்பம் கடலே வேணாம்னு முடிச்சூருக்குக் குடி வந்துட்டாங்க. 2015 டிசம்பர்ல அடையாறு வீட்டுக்குள்ள வந்துச்சு. அதைப் பத்தி எழுதினா இன்னொரு பதிவு ஆயிடும்.

மாமா இப்போ இல்லை. 2025 பிப்ரவரியில் ஒருநாள் அத்தைகிட்ட இருந்து போன். பேரன் வாட்ஸப்பில் காட்டினானாம், 2024 ஒய்ஆர்4-ன்னு புதுசா ஒரு கல்லு. 2032 டிசம்பர் 22-ல் விழலாம், விழக்கூடிய பட்டையில் தெற்காசியாவும் இருக்குன்னு. 60 மீட்டர்தான், ஆனா அன்னிக்கு 3.1 சதவீதம். அபோஃபிஸோட 2.7-ஐயே தாண்டியாச்சு. எனக்குக் கொஞ்சம் திக்குனுதான் இருந்தது. அத்தைக்கு எப்படிச் சொல்றதுன்னு வார்த்தை தேடிட்டு இருந்தேன்.

"தெருவுல பந்து அடிச்ச கதைதானேடா இது? ரெண்டு வீடு தள்ளிப் போகும், பாரு" என்றார்கள்.

அந்த மாசம் முடியறதுக்குள்ள எண்ணிக்கை கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கிடுச்சு. அத்தை தூங்கலைன்னு எனக்கு இருபது வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது.

இப்போ 2029-க்கு வர்றேன். அபோஃபிஸ் நமக்கு ரொம்ப கிட்டத்துல வர்றது நம்ம நேரப்படி ஏப்ரல் 14 விடிகாலை 3.16 சுமாருக்கு. ஆமாம், சித்திரை ஒண்ணு! தரையில் இருந்து சுமார் 32,000 கிலோமீட்டர். நம்ம மாடியில் டிஷ் ஆன்டெனா நிமிர்ந்து பார்த்துட்டு இருக்கே, அந்தச் சாட்டிலைட் எல்லாம் 36,000-ல். அதுக்கும் கீழே வந்து போகும். போகிற போக்கில் பூமியோட இழுப்பு அதோட பாதையையே மாத்திடும், அப்புறம் அதுக்கு வருஷம் நம்ம வருஷத்தை விடப் பெருசு. அந்த 3.16-க்கு அது அட்லாண்டிக் மேல இருக்கும், நமக்கு மறைஞ்சிருக்கும். ஆனா அதுக்கு முன்னாடி, 13-ம் தேதி ராத்திரி, ஆஸ்திரேலியா பக்கத்துல இருந்து இந்தியப் பெருங்கடலைத் தாண்டித்தான் மேற்கே போகுது. நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளி, தெற்குப் பக்கம் நகர்ந்துட்டே. தாம்பரம் வெளிச்சத்துக்கு பைனாகுலர் இல்லாம வேலைக்கு ஆகாது.

அத்தைகிட்ட சொல்லிட்டேன். எப்படியும் வருஷப் பிறப்புக்கு நாலு மணிக்கு எழுந்து வாசல் தெளிக்கணும், ஒரு ராத்திரி முழிச்சா என்னன்னாங்க. முட்டி வலி. மாடிக்கு நாற்காலி தூக்கிட்டு வர்றது என் வேலையாம். அவங்களைப் பிடிச்சு ஏத்துறது பேரன் வேலையாம்.

டிஸ்கி: பைனாகுலர் வாங்கியாச்சு. எதுன்னு பின்னூட்டத்துல கேட்காதீங்க, செகண்ட் ஹேண்ட் :-)