வீட்டில் விளைந்தால் நஞ்சு அமுதாகுமா?

கீரையும் கத்தரியும் வீட்டு மாடியில் பயிரிட்டு உண்பது நல்ல பழக்கம் என்று நாம் அனைவரும் போற்றுகிறோம். கலப்படம் இல்லை, பூச்சிமருந்து இல்லை, காசும் மிச்சம். இதே நியாயத்தைப் புகையிலைக்கும் பொருத்திப் பார்ப்போர் உண்டு. அவர்களுள் ஒருவர் என் தாய்மாமா என்பதால்தான் இதை எழுத நேர்ந்தது.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்றால் வெளியூராருக்குத் தோல்தான் நினைவுக்கு வரும். ஆனால் குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றியே பிள்ளைகளை வளர்த்த தாய்மார்கள் எத்தனையோ பேர்! நிப்பாணியிலிருந்தும் குஜராத்திலிருந்தும் தூள் வரும். மத்திய இந்தியக் காடுகளிலிருந்து இலை வரும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. மதரஸாவுக்கு ஓத வரும் பிள்ளைகளின் விரல்களிலும் அந்தத் தூளின் நெடியை நான் உணர்ந்ததுண்டு. புகையிலை நமக்கு அந்நியப் பொருளன்று. அடுப்படி வரை வந்துவிட்ட பொருள்.

மாமா தோல் பதனிடும் தொழிலில் நாற்பதாண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். வெற்றிலையோடு புகையிலை மெல்லுவது அவருடைய நெடுநாள் வழக்கம். கன்னத்தின் உட்புறம் வெண்படலம் ஒன்று தோன்றவே, மருத்துவர் அதைப் பரிசோதித்து, புகையிலையை அறவே விடுமாறு கண்டிப்பாகச் சொன்னார். மாமாவோ வேறொரு வழி கண்டார். “கடைச் சரக்கில் கண்டதைக் கலக்கிறார்கள் மருமகனே! கெடுதல் அந்தக் கலப்பில்தான் இருக்கிறது. நானே விதைத்துச் சுத்தமாக மெல்லுகிறேன்” என்றார்.

திண்டுக்கல் பக்கத்து உறவினர் மூலம் விதை வந்தது. வேடசந்தூரில் 1948இலேயே புகையிலை ஆராய்ச்சி நிலையம் அமைந்தது என்றால், அம்மண்ணுக்கும் அப்பயிருக்கும் உள்ள உறவு விளங்கும். ஒரு கிராம் எடைக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விதைகள்! மணலோடு கலந்து தூவி, மண்ணை மூடாமல், பூவாளியால் மெல்ல நீர் தெளித்தார். ஏறத்தாழ நாற்பத்தைந்து நாளில் நாற்றுகளைப் பிடுங்கிப் பழைய பிளாஸ்டிக் டிரம்களில் நட்டார். மொட்டு வந்ததும் நுனியைக் கிள்ளினார். பக்கக் கிளைகளையும் ஒடித்தார். இலைகள் முறம்போல் விரிந்தன. அவர் உழைப்பைக் கண்டு நானும் வியந்தேன்.

ஆயினும் சகோதரர்களே, உண்மை வேறு. நிகோடின் என்பது யாரோ கலக்கும் பொருளன்று. அச்செடியின் வேரிலேயே உண்டாகி இலைக்கு ஏறுவது. நுனி கிள்ளுவதால் இலையில் அது மேலும் பெருகும். புற்றுநோயை உண்டாக்கும் நைட்ரசமைன் எனும் பொருள்களோ, இலையை உலர்த்திப் பதப்படுத்தும்போதும் சேமித்து வைக்கும்போதும் தோன்றுகின்றன. தொழிற்கூடத்தில் உலர்த்தினாலும் நம் வீட்டுக் கொடியில் உலர்த்தினாலும் இதுவே கதி. மெல்லும் புகையிலையும் புகைக்கும் புகையிலையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்றே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது.

“முன்னோர்களான ஆலிம்கள் சிலர் ஆகுமென்று சொல்லியிருக்கிறார்களே?” என்று மாமா கேட்டார். கேள்வி நியாயமானதே. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அசத் பேக் என்பார் பீஜப்பூரிலிருந்து கொணர்ந்த புகையிலையை அக்பர் சுவைத்துப் பார்த்தபோது, அரண்மனை ஹக்கீம் தடுத்தார். ஜஹாங்கீர் 1617இலும், உதுமானிய சுல்தான் நான்காம் முராத் 1633இலும் தடை விதித்தனர். திமிஷ்கின் பேரறிஞர் அப்துல் கனீ நாபுலுஸீ (மறைவு 1731) ஆகுமென வாதிட்டு நூலே இயற்றினார். அவர்கள் காலத்தில் அதன் தீங்கு ஐயத்துக்குரியதாக இருந்தது. 1950இல் டால், ஹில் எனும் ஆங்கிலேய ஆய்வாளர்கள் புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை வெளிப்படுத்திய பின்னர், சான்றுகள் குவிந்துவிட்டன. தீங்கு உறுதியான பின் பழைய சலுகையைப் பிடித்துக்கொள்வது அப்பெரியோர்களுக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது.

என் வாதம் மாமாவை அசைக்கவில்லை. அசைத்தது வேறொன்று. ஐப்பசி மழை நின்ற ஒரு காலையில், ஈர இலைகளை அவர் ஒடித்துக் கொடுக்க, பத்து வயதுப் பேரன் மார்போடு அணைத்து ஏந்திக் கீழே கொண்டு வந்தான். சில மணி நேரத்தில் அவனுக்குத் தலைசுற்றலும் ஓயாத வாந்தியும். ஈரமான பச்சை இலையிலிருந்து நிகோடின் தோல் வழியாகவே உடலுக்குள் இறங்கும் என்றும், புகையிலை வயல்களில் உழைப்போருக்கு இது தெரிந்த நோயென்றும் மருத்துவர் விளக்கினார். அல்லாஹ்வின் அருளால் மறுநாள் பிள்ளை தேறினான். அன்று அஸருக்குப் பின் மாமா தம் கையாலேயே செடிகள் அனைத்தையும் பிடுங்கி எறிந்தார்.

பழக்கம் அன்றோடு ஒழிந்தது என்று சொன்னால் அது பொய். நாற்பதாண்டு வழக்கம் ஒரு நாளில் போகாது. வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு போராடுகிறார், இடையிடையே வழுக்குகிறார், மீண்டும் நிறுத்துகிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெண்படலத்தை மருத்துவரிடம் காட்டி வருகிறோம்.

தாய்மார்களே! உங்கள் வீட்டுப் பெரியவர்களின் வாயில் ஆறாத புண்ணோ வெள்ளை, சிவப்புப் படலமோ இருந்தால் நாளைக்கென்று தள்ளாதீர்கள். விட விரும்புவோர்க்கு 1800-11-2356 என்ற அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் உண்டு. மாடியில் இடமிருக்கிறதா? புதினாவும் கொத்தமல்லியும் விதையுங்கள். பேரப்பிள்ளைகள் அஞ்சாமல் கை வைக்கக்கூடிய செடிகளே நம் வீட்டுக்குப் போதும்.