கல்வராயன் அடிவாரத்தில் ஒரு குடும்பம்

சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை செல்லும் நெடுஞ்சாலையில் சின்னசேலத்தை நெருங்கும்போதே கல்வராயன் மலைத்தொடர் நீல நிறத்தில் கண்ணுக்குப் புலனாகத் தொடங்குகிறது. சாலையின் இருமருங்கும் மரவள்ளித் தோட்டங்கள். இடையிடையே சேகோ ஆலைகள். சென்ற திங்களில் ஒரு நாள் காலை நாம் இவ்வழியே கள்ளக்குறிச்சிக்குப் பயணமானோம். முன்பு விழுப்புரம் மாவட்டத்தில் அடங்கியிருந்த இவ்வூர், 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டத்தின் தலைநகராக விளங்குகிறது.

மலையைக் காண்பதே நம் நோக்கம். ஆயினும், நண்பர் ஒருவரின் வற்புறுத்தலால் கள்ளக்குறிச்சியில் அவருடைய உறவினர் இல்லத்தில் காலை உணவுக்குத் தங்கினோம். வீட்டுக்காரர் இருசக்கர வாகனம் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். அவர் மனைவி முகாமொன்றில் 1992இல் பிறந்தவர். பெற்றோர் இருவரும் கடல் கடந்து வந்த ஈழத்தமிழர். மணமாகி எட்டாண்டுகள் ஆகின்றன. மகள் இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். தேங்காய்ப்பால் சொதியும் இடியாப்பமும் பரிமாறிய அக்கைகளுக்கு வணிகவியல் பட்டமும் உண்டென்பதைப் பின்னரே அறிந்தோம்.

“வேலைக்குப் போகவில்லையா அம்மா?” என்று வினவினோம்.

“ஒரு நிறுவனத்தில் தேர்வு செய்தார்கள் ஐயா. சேரும் நாளில் வாக்காளர் அட்டையோ பாஸ்போர்ட்டோ கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றதும் பிறகு சொல்வதாகச் சொன்னார்கள். இப்போது வீட்டிலேயே துணி தைக்கிறேன். தையல் இயந்திரம் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை” என்றார் சிரித்தபடி. அவர் கணவர் சிரிக்கவில்லை.

மலைச்சாலையில் ஏறும்போதும் அச்சொற்களே நம் செவியில் ஒலித்தன. இந்திய மண்ணில் பிறந்து, இந்தியரை மணந்து, இங்கேயே வாழும் ஒருத்திக்கு ஏன் இந்நிலை? 1987 ஜூலை முதல் நாளுக்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாய் இருத்தல் வேண்டும் என்பது சட்டம். இந்தியரை மணந்தவர் ஏழாண்டுகள் இங்கு வாழ்ந்தபின் பதிவின் மூலம் குடியுரிமை கோரலாம் என்று 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு கூறுகிறது. ஆனால் 2003ஆம் ஆண்டுத் திருத்தம், உரிய ஆவணமின்றி நாட்டினுள் வந்தோருக்கு அவ்வாயிலை அடைத்துவிட்டது. முகாமில் பிறந்த பிள்ளைகளும் பெரும்பாலும் அதே கண்கொண்டு பார்க்கப்படுகின்றனர். 2004 டிசம்பருக்குப் பின் பிறந்த குழந்தைக்கோ, பெற்றோருள் ஒருவர் குடிமகனாய் இருப்பதோடு மற்றவர் அத்தகைய வரவினராய் இல்லாதிருத்தலும் வேண்டும். ஆதலின், தாயின் நிலை அச்சிறுமியின் நிலையையும் தொடுகிறது.

முறையான பாஸ்போர்ட்டுடன் வரும் வெளிநாட்டு மணத்துணைக்கும் நுழைவு விசா ஒன்றே ஊதிய வேலைக்கு உரிமை தந்துவிடாது. திருமணம் பதிவாகி ஈராண்டுகள் நிலைத்தபின் ‘கடல்கடந்த இந்தியக் குடிமகன்’ அட்டை பெறலாம். அதைக்கொண்டு தனியார் துறையில் பணி செய்யலாம். ஆயின் அதற்கு விண்ணப்பிக்கவும் ஒரு நாட்டின் பாஸ்போர்ட் கையிலிருக்க வேண்டுமே! எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லாதவர் எதைக் காட்டுவார்?

இதே வேளையில் நம் ஊர்ப் பெண்கள் இலண்டன் மாப்பிள்ளைகளை மணந்து செல்வதையும் எண்ணிப் பார்த்தோம். அங்கே மணத்துணை விசாவில் சென்று இறங்கும் பெண், இறங்கிய நாள் முதலே வேலைக்குச் செல்லலாம். சொந்தத் தொழிலும் நடத்தலாம். மணம் முடிக்குமுன் நிச்சயிக்கப்பட்டவராகச் செல்பவருக்குத்தான் வேலை செய்யத் தடை. குடும்பம் நடத்த இருவரும் உழைக்க வேண்டும் என்னும் எளிய உண்மையை அந்நாட்டு விதி ஏற்றுக்கொண்டிருக்கிறது.

கச்சிராயபாளையத்தையும் கோமுகி அணையையும் கடந்து வெள்ளிமலையை அடைந்தபோது நண்பகல் கடந்துவிட்டது. குளிர்ந்த காற்று, சாமை விளையும் சரிவுகள், கடுக்காய் மரங்கள். இம்மலை மக்களாகிய மலையாளிகள், தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்து, வந்த இடத்துப் பெண்களை மணந்து வேரூன்றினர் என வழிவழியாகக் கதை சொல்வர். அன்று யாரும் அவர்களிடம் சான்று கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்களும் வேறொரு துன்பம் கண்டவர்களே. ஜாகீர்தார்களின் ஆட்சியில் கூலியின்றி வெட்டி வேலை செய்த காலம் ஒன்று இம்மலையில் இருந்தது. 1976ஆம் ஆண்டிலேயே அது முடிவுற்றது. நாடெங்கும் கொத்தடிமை முறையை ஒழித்த சட்டம் இயற்றப்பட்டதும் அவ்வாண்டில்தான்.

“எங்கப்பா காலத்தில் வேலை இருந்தது, கூலி இல்லை” என்றார் தேநீர்க் கடையில் சந்தித்த முதியவர். காலையில் கண்ட பெண்ணுக்கோ கூலி தரத்தக்க கல்வி இருக்கிறது, வேலையில்லை. உழைப்பவரின் மதிப்பு இருவரிடத்தும் ஒன்றே அன்றோ?

நிலைமை முற்றிலும் அசையாதிருக்கிறது என்று சொல்வதற்கில்லை. 2021இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என மாற்றியது, உதவித்தொகையையும் உயர்த்தியது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணொருவர் மதுரைக் கிளை உயர்நீதிமன்றத்தின் 2022ஆம் ஆண்டு ஆணையால் பாஸ்போர்ட் பெற்று, 2024 பொதுத்தேர்தலில் வாக்களித்தார். 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட ஈழத்தமிழரை, ஆவணமின்மைக்கான தண்டனையினின்று நடுவணரசு 2025 செப்டம்பரில் விலக்கியது. ஆயினும் தண்டனை இல்லை என்பது வேறு. உரிமை உண்டு என்பது வேறு.

இத்தகைய மணம் நிகழும் குடும்பங்களுக்கு ஒரு சொல். கோயிலில் நடந்த திருமணத்தையும் 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டத்தின்படி 90 நாள்களுக்குள் பதிவு செய்துவிடுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றையும் முகாம் பதிவுத் தாள்களையும் பாதுகாத்து வையுங்கள். நாளை வாயில் திறக்கும்போது கையில் இருக்க வேண்டியவை அவையே.

மாலையில் மலையிறங்கி மீண்டும் அவ்வில்லத்தின் வழியே வந்தோம். வாயிலில் சிறுமி பாடம் படித்துக்கொண்டிருந்தாள். உள்ளே தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.