தரைக்குக் கீழே ஒரு வீடு!

கனடா போய் மேல படிக்கணும்னு கனவு இருக்கா பாஸ்? நயாகரா, சி.என்.டவர் எல்லாம் அப்புறம் சுத்திக்கலாம். முதல்ல நீங்க பார்க்க வேண்டிய இடம் ஒண்ணு இருக்கு. பேஸ்மென்ட்! டொரன்டோ போற நம்மூர் பசங்க நிறைய பேருக்கு முதல் விலாசமே அதுதான்.

செமஸ்டர் லீவுல, அங்கே படிக்கிற அக்காவைப் பார்க்க ஸ்கார்பரோ போயிருந்தேன். டொரன்டோவின் கிழக்குப் பக்கம். 1998 வரைக்கும் தனி நகரமா இருந்த ஏரியா. 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையை விட்டுக் கிளம்பின தமிழர்கள் நிறைய பேர் வேர் பிடிச்ச மண். கடை போர்டில் தமிழ், பஸ்ஸில் தமிழ், மூக்கைத் துளைக்கிற கொத்துரொட்டி வாசனை... பாதி ஊர்க்காரனாவே ஆயிடுவீங்க!

அக்கா குடியிருக்கறது ஒரு 'பங்களா'வில். உடனே சினிமா பங்களா ரேஞ்சுக்குப் போயிடாதீங்க. அந்த ஊர்ல ஒரே தளம் உள்ள வீட்டுக்குத்தான் அந்தப் பேர். இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் வரிசை வரிசையாகக் கட்டியவை. பக்கவாட்டுக் கதவைத் திறந்தா பாதிப் படியில் நிப்பீங்க. மேலே நாலு படி ஏறினா ஓனர் கிச்சன். கீழே ஏழெட்டுப் படி இறங்கினா அக்கா வீடு. ஒரே கதவு, ரெண்டு குடும்பம்!

'ஏன் எல்லா வீட்டுக்கும் கீழே ஒரு குழி?'னு கேட்கத் தோணுதா? இங்கேதான் நம்ம இன்ஜினீயரிங் மூளை விழிக்குது. தண்ணீர் உறைஞ்சா சுமார் 9 சதவிகிதம் பெருக்கும். குளிர்காலத்தில் மண்ணுக்குள் இருக்கிற ஈரம் உறைஞ்சு வீங்கினா, மேலே இருக்கிற கட்டடத்தையே தூக்கிடும். அதனால் தெற்கு ஒன்டாரியோவில் அஸ்திவாரம் குறைந்தது 1.2 மீட்டர் ஆழம் போகணும். அவ்வளவு தோண்டின பிறகு, 'இன்னும் கொஞ்சம் தோண்டினா ஒரு தளமே கிடைக்குமே!'ங்கிற கணக்குதான் பேஸ்மென்ட். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும், வெந்நீர் டேங்கும் குடியிருந்த அந்த இடத்தில், இப்போ மனுஷங்களும் குடியிருக்காங்க.

மேலே இருக்கிற ஓனர் ஆன்ட்டிக்கு யாழ்ப்பாணம். டீயும் கையுமாக அவங்க சொன்ன பொருளாதாரம் இது. ''தம்பி, இந்த வீட்டுக்குக் கால் ரெண்டு. ஒண்டு எங்கட சம்பளம். மற்றது கீழ்வீட்டு வாடகை. ஒரு கால் நொண்டினாலும் பாங்க்காரன் வாசல்ல நிப்பான்!''

சும்மா வாடகை வாங்கிப் போட்டுக்கிற சுகமான வேலைன்னு நினைக்காதீங்க. தெர்மோஸ்டாட் மேலே, குளிர் கீழே. வாஷிங் மெஷின் ஒண்ணு, துணி ரெண்டு வீட்டுது. கீழே தாளிச்சா மேலே தும்மல், மேலே குழந்தை ஓடினா கீழே இடி. கரன்ட் மீட்டரும் பெரும்பாலும் ஒண்ணுதான். யார் எத்தனை சதவிகிதம் கட்டணும்னு முதல்லயே எழுதிக்கலைன்னா, மாசாமாசம் பட்டிமன்றம்தான்!

சட்டம் என்ன சொல்லுது? டொரன்டோவில் 2000-லிருந்து நகரம் முழுக்க இப்படி இரண்டாவது குடித்தனம் வைக்க அனுமதி உண்டு. 2018 ஏப்ரல் 30-லிருந்து ஒன்டாரியோ அரசின் ஒரே மாதிரி வாடகை ஒப்பந்தப் படிவம். சென்னையில் பத்து மாச அட்வான்ஸ் கேட்டே பழகின காதுக்கு இது தேன். ஓனர் டெபாசிட்டாக வாங்கக்கூடியது கடைசி மாச வாடகை மட்டுமே. 'சுவர் கெட்டுப்போனா பிடிச்சுக்கறேன்'னு தனியா ஒரு தொகை கேட்கவே கூடாது. வாடகையை 12 மாசத்துக்கு ஒரு தடவைதான் ஏத்தலாம், அதுவும் 90 நாள் முன்னாடியே எழுத்தில் சொல்லிட்டு! ஆனா ஒரு கண்டிஷன். ஓனரோட கிச்சனையோ பாத்ரூமையோ நீங்க பங்கு போடறதா இருந்தா, இந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது. உஷார்!

இதையெல்லாம் விட முக்கியம், ஜன்னல்.

பேஸ்மென்ட்டில் வெளிச்சம் தலைக்கு மேலேதான் வரும். புல்லோட வேர், அணிலோட கால், பனிக்காலத்தில் வெறும் வெள்ளை. அழகுதான். ஆனா ராத்திரி படிக்கட்டுப் பக்கம் தீப்பிடிச்சா, அந்த ஜன்னல்தான் உயிர். தப்பிக்கிற வழியா அது கணக்கில் வரணும்னா, கட்டட விதிப்படி திறப்பு குறைந்தது 0.35 சதுர மீட்டர் இருக்கணும், எந்தப் பக்கமும் 38 செ.மீ-க்குக் குறையக் கூடாது. 38-க்கு 38 இருந்தா போதும்னு நினைச்சுடாதீங்க. ஒரு பக்கம் 38-னா, இன்னொரு பக்கம் 92-க்கு மேல வேணும். கணக்குப் போட்டுப் பாருங்க!

ஆன்ட்டி வீட்டு பழைய ஜன்னலில் ஒரு பூனை நுழையலாம், அவ்வளவுதான். புதுசு வைக்க பெர்மிட் வாங்கி, அஸ்திவாரச் சுவரையே அறுக்கணும். வெளியே பள்ளம் தோண்டி, மழைத்தண்ணி வடிய வழி செய்யணும். அந்த வேலை முடிகிற வரை நாலு மாசம் கீழ்வீட்டைக் காலியாகவே வெச்சிருந்தாங்க. அதாவது, ஒரு கால் இல்லாத நாலு மாசம். அங்கிள் சனி, ஞாயிறும் வேலைக்குப் போனாராம். ''பெர்மிட்டும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம், ஆளை வைச்சிடலாம் எண்டு எத்தனை பேர் சொன்னவை. கீழ படுக்கிறதும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே!'' என்றார் ஆன்ட்டி. அப்போ அக்கா யாருன்னே அவங்களுக்குத் தெரியாது!

எல்லா ஓனரும் இப்படி இருக்க மாட்டாங்க. இவ்வளவு செலவை நினைச்சு பயந்து, பெர்மிட்டே இல்லாம ஆள் வைக்கறவங்களும் உண்டு. வாடகை கம்மின்னு நாமளும் வாயை மூடிக்கிட்டுப் போய்ப் படுத்துக்கறோம். ரெண்டு பக்கமும் பணக்கஷ்டம் நிஜம்தான். ஆனா, புகைக்கு அது தெரியாதே!

அதனால, வீடு பார்க்கப் போகும்போது பாக்கெட்டில் ஒரு டேப் எடுத்துட்டுப் போங்க. ஜன்னலை அளந்து, திறந்து பாருங்க, கம்பி போட்டு அடைச்சிருக்கான்னு கவனிங்க. கூரை உயரம் 1.95 மீட்டர் இருக்கா? ஸ்மோக் அலாரம், கார்பன் மோனாக்சைடு அலாரம் ரெண்டும் கத்துதா? அமுக்கிப் பாருங்க. 2013 ஜூலை 8-ம் தேதி, விமான நிலையத்தில் 126 மி.மீ. மழை கொட்டின அன்னிக்கு, எத்தனையோ பேஸ்மென்ட்களில் தண்ணி புகுந்தது. 'இங்கே எப்பவாவது தண்ணி வந்திருக்கா?'னு கூச்சப்படாம கேளுங்க. நல்ல ஓனர் கோபிக்க மாட்டார், பதில் சொல்வார்.

வைஃபை பாஸ்வேர்டு கேட்கறதெல்லாம் அதுக்கு அப்புறம்தான்!