எந்த நிற மணல் போடலாம்?

(இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு)

மணலைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், "ஏண்டா, கிளாஸ்லதான் மணல்னா ஆண்டு மலர்லயுமா மணல்?" என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். இது கலவைக்குப் போடும் மணல் அல்ல நண்பர்களே, கண்ணாடித் தொட்டியில் கடல் மீன் வளர்க்கப் போடும் மணல்!

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வண்ணமீன் கடையில் வேலை பார்க்கிறேன். என் பரீட்சைக் கட்டணம் அந்தச் சம்பளத்தில்தான். கடைக்கு ஒரு ஆர்டர் வந்தது. 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் உப்புநீர்ப் பவளப்பாறைத் தொட்டி. "கறுப்பு மணல் போடுங்க, மீன் எடுப்பாத் தெரியும்" என்றார் வீட்டுக்காரர். அவர் மனைவி வெள்ளைதான் வேண்டும் என்றார். முதலாளி அண்ணாச்சி என் பக்கம் திரும்பி, "படிக்கிற பிள்ளை நீதானே, நீ சொல்லுடே!" என்று விட்டார்.

எங்கள் குடும்பத்தில் மணலை நிறம் பார்த்து வாங்கியவர் யாரும் இல்லை. அப்பா கொத்தனாருக்குக் கையாள், அம்மா சித்தாள். அவர்களுக்கு மணல் என்றால் தலைச்சுமை. நான் அதையே பாடமாகப் படிக்கிறேன்!

இரண்டு மணலிலும் கொஞ்சம் எடுத்து வினிகர் ஊற்றினேன். வெள்ளை நுரைத்தது. அது அரகோனைட், அதாவது கால்சியம் கார்பனேட். பவளத்துக்கும் சிப்பிக்கும் உள்ள அதே பொருள். கறுப்பு நுரைக்கவில்லை. காந்தத்தைக் காட்டினேன், சில கறுப்பு மணிகள் ஒட்டிக்கொண்டன. கண்ணாடியைக் காந்தத் துடைப்பானால் துடைக்கும்போது அந்த மணிகள் ஒட்டிக்கொண்டால் கண்ணாடி கீறிப்போகும். எல்லாக் கறுப்பு மணலும் அப்படியல்ல. சோதித்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளையிலும் குறை உண்டு. புதுத் தொட்டியில் முதல் சில வாரங்கள் பழுப்புப் பாசி படரும், வெள்ளையில் அது பளிச்சென்று தெரியும். வெளிர்த் தரையில் சில மீன்களின் நிறமும் சற்று மங்கும். ஆனால் வெள்ளை, வெளிச்சத்தை மேலே திருப்பி அனுப்பும். பவளப்பாறைக் கடலின் இயல்பான தரையும் அதுதான். மணியின் அளவும் முக்கியம். நம் லேபில் உள்ள 2.36 மி.மீ. சல்லடையில் இறங்கி 1.18-ல் தங்குவது நல்லது. மிக நைசானது பம்பு நீரோட்டத்தில் புழுதியாய்ப் பறக்கும். 1 அங்குல உயரத்துக்கு அரைக் கன அடி, ஏறக்குறைய 20 கிலோ வேண்டும்.

விலையைக் கேட்டதும் வீட்டுக்காரர் என்னைத் தனியே அழைத்தார். "உங்க பக்கத்துக் கடல்ல பவள மணல் சும்மாத்தானே கிடக்கு தம்பி? ரெண்டு சாக்கு அள்ளிட்டு வா. அந்தக் காசை உனக்கே தாரேன்." என் பரீட்சைக் கட்டணம் அதில் அடங்கிவிடும்!

ஆனாலும் முடியாது என்றேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-ல் கடல் தேசியப் பூங்காவாயின. அவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டும் நீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததே அதற்குப் பெரிய காரணம். கல் பவளங்களுக்கு 2001-ல்தான் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம் கிடைத்தது. தீவே முழுகிப்போன கடலில் நானும் போய்ச் சாக்கை விரிப்பதா?

"ஆர்டரே வேண்டாம்" என்று அவர் கிளம்பினார். எனக்குப் பகீரென்றது, கடையின் நஷ்டம் என் தலையில் விழுமே! சட்டென்று சொன்னேன்: "சார், அரை அங்குலம் போட்டாலே போதும். 10 கிலோதான், செலவு பாதி." நின்றார். யோசித்தார். வெள்ளை மணலே வாங்கினார்.

அம்மாவிடம் சொன்னபோது, "மணலுக்குள்ள இவ்வளவு சங்கதியா? இத்தனை வருஷம் சுமந்தும் எங்களுக்குத் தெரியலையே!" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

நண்பர்களே, லேபில் சல்லடையை ஆட்டும்போது மார்க்குக்காக மட்டும் ஆட்டாதீர்கள். நம்மைப் பெற்றவர்கள் சுமந்ததை நாம் அறிந்துகொள்ளவே இங்கே வந்திருக்கிறோம்!