மூச்சுக்கு நாள் பார்ப்பவர்கள்

சீன நகரங்களின் பாரம்பரிய மருத்துவமனைகளில் கோடை உச்சத்தில் நெஞ்சு நோயாளிகளின் கூட்டம் அலைமோதும். வேடிக்கை என்னவென்றால், அப்போது அவர்களில் பலருக்கு இருமலே இருக்காது. குளிர்கால நோய்க்குக் கோடையில் வைத்தியம் என்பது அங்கே பழைய விதி. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை பஞ்சாங்கம் குறித்துத் தரும் நாட்களில் வெண்கடுகையும் வேறு சில மூலிகைகளையும் இஞ்சிச் சாற்றில் குழைத்து முதுகில் பற்றுப் போடுவார்கள். சாங் லூ என்ற வைத்தியர் 1695இல் தம் நூலில் எழுதி வைத்த முறை. எரியும், சிலருக்குக் கொப்புளிக்கும்.

இந்தியர்கள் இதைப் பார்த்துச் சிரிக்க முடியாது. ஜூனில் மிருகசீரிஷ கார்த்தி அன்று மருந்து அடைத்த விரால் குஞ்சை உயிரோடு விழுங்க ஹைதராபாத்தில் வரிசை கட்டுகிற ஆஸ்துமாக்காரர்களும் நாள் பார்த்து வருகிறவர்கள்தான்.

இந்தக் கூட்டத்தை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது சுலபம். ஆனால் பத்துப் படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறவரின் நிலை வேறு. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் சிதைந்த காற்றறைகள் திரும்பக் கிடைப்பதில்லை. இன்ஹேலர் குழாயை விரிக்கும், அவ்வளவுதான். "ஆயுள் முழுக்க மருந்து" என்கிறார் டாக்டர். "மூன்று கோடை வாருங்கள்" என்கிறார் வைத்தியர். மூச்சுத் திணறுகிறவருக்கு எது இனிக்கும்?

சீன மருந்துப் பெட்டியில் சரக்கு இல்லாமலும் இல்லை. இளைப்புக்குத் தொன்றுதொட்டுக் கொடுக்கப்பட்ட மாஹுவாங் செடியிலிருந்து ஜப்பானின் நாகாய் 1885இல் எபிட்ரினைப் பிரித்தார். 1920களில் பெய்ஜிங்கில் சென், ஷ்மிட் என்ற இருவரின் ஆய்வு அதை உலகம் முழுதும் ஆஸ்துமா மருந்தாக்கியது. அதே செடி இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் எகிற வைக்கும். அது கலந்த சத்து மாத்திரைகளை 2004இல் அமெரிக்கா தடை செய்தது. முதுகுப் பற்றில் சேரும் ஆசாரம் இனச் செடியிலோ சிறுநீரகத்தைக் கெடுக்கும் அமிலம் உண்டு. மூலிகை என்றால் தீங்கில்லை என்பது வியாபாரிகளின் வாக்கு.

2018இல் வெளியான ஓர் ஆய்வு நம்பிக்கை தருகிறது. சீனாவில் 120 நோயாளிகளில் பாதிப் பேர் தாய் சி பழகினார்கள். மீதிப் பேருக்கு வழக்கமான நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி. 12 வாரப் பயிற்சி முடிவில் இரண்டும் ஏறக்குறைய சமம். அடுத்த 12 வாரம் கழித்துப் பார்த்தபோது தாய் சி சற்று முந்தியிருந்தது. கருவி வேண்டாம், ஜிம் வேண்டாம்; நிற்க ஓர் இடம் போதும்.

ஆனால் ஒரு விவரத்தை மறக்கக் கூடாது. இரு தரப்பினரும் தினமும் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை இழுத்துக்கொண்டுதான் பயிற்சி செய்தார்கள். பற்றுப் போட்ட தெம்பில் இன்ஹேலரைத் தூக்கி எறிகிறவரும், பீடியையும் அடுப்புப் புகையையும் விடாமல் மூலிகை தேடுகிறவரும் கவனிக்க வேண்டியது இதைத்தான். அடுத்த குளிர்காலம் பஞ்சாங்கம் பார்த்து இரக்கம் காட்டாது.