இருவாட்சியின் இல்லம்

ஆனைமலையின் மழைக்காடுகளில் நாம் முதலில் கேட்டது சிறகோசையே. பின்னரே இருவாட்சியைக் கண்டோம். ஒரு மீட்டர் நீளம், கருஞ்சிறகில் வெண்பட்டை, மஞ்சள் அலகின்மேல் தொப்பி போன்றதொரு புடைப்பு! அத்தி முதலிய கனிகளே அதன் முதன்மை உணவு. பல்லி போன்ற சிற்றுயிர்களையும் உண்ணும். விழுங்கிய கனிகளின் விதைகளைத் தொலைவில் சிந்தி, நாளைய காட்டை இன்றே விதைக்கிறது.

முதுமரப் பொந்தில் பேடு தன்னை அடைத்துக்கொண்டு முட்டையிடும்; குறுகிய பிளவின் வழியே ஆண்பறவை நாள்தோறும் ஊட்டும். பொந்தைத் தானே குடையும் ஆற்றல் அதற்கில்லை. 2018-இல் இவ்வினம் அழிவை நோக்கியதெனப் பட்டியலிடப்பட்டது. நாம் ஒரு முதுமரத்தை வீழ்த்தினால், விறகை மட்டுமா பெறுகிறோம்? தலைமுறைகள் பிறக்கவேண்டிய இல்லத்தையும் இடிக்கிறோம். ஆண்பறவை வேட்டைக்கு இரையானாலோ, பிளவின் அருகே காத்திருக்கும் வாய்களுக்கு உணவு வராது.