புகை வாசனையில் ஒரு பீர்!

ஜெர்மனியில் பாம்பெர்க் என்று ஒரு ஊர். அங்கே ‘ஷ்லெங்கெர்லா’ கடை 1405-லேயே பதிவாகியிருக்கிறது. மரப் பீப்பாயிலிருந்து பிடித்துக் கொடுத்த டிகாக்‌ஷன் நிற பீரை ஒரு வாய் குடித்தேன். அடடா, கருவாடு சுட்ட அடுப்பங்கரை வாசனை!

முளைகட்டிய பார்லியை பீச் மர விறகுப் புகையில் உலர்த்துவதால் வரும் மணம் அது. (மெரினா பீச் இல்லீங்க!) ஒரு காலத்தில் ஐரோப்பாவில் பெரும்பாலும் இப்படித்தான். புகை படாத சூளை வந்ததும் மற்றவர்கள் தாவிவிட்டார்கள். இந்த ஊரில் ஷ்லெங்கெர்லாவும் ஷ்பெட்சியாலும் மட்டும் ‘மாட்டோம்’ என்று நின்றன.

பி.காம். மூளைக்கு இது நஷ்டக் கணக்கு. ஆனால், அந்தப் பிடிவாதத்தை ருசி பார்க்கத்தானே அத்தனை கூட்டம், என்னையும் சேர்த்து!

“மூணாவது கிளாஸ்லதான் பிடிக்கும்” என்பது உள்ளூர்ப் பேச்சு. எனக்கு ரெண்டாவதிலேயே பிடித்துவிட்டது. மூணாவது? ரயிலைப் பிடிக்கணுமே சார்!